இக்காலுயிட் – ரெசல்யூட் பே: வான்வழித் தூரமும் உண்மையான பயண நேரமும்

கனடாவின் நூனவுட் பிரதேசத் தலைநகரான இக்காலுயிட்டிலிருந்து, அதே பிரதேசத்தின் கார்ன்வாலிஸ் தீவில் உள்ள ரெசல்யூட் பே வரை விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. தூரத்தைக் கணித்துத் தரும் இணையக் கருவிகள் இரண்டரை மணி நேரம் என்கின்றன. பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் மூன்று மணிக்கு மேல் வருகிறது. திரும்பும் பயணத்திலோ அதுவே ஐந்து மணியைத் தாண்டுகிறது. இவற்றில் எதை நம்புவது, ரெசல்யூட்டில் இறங்கிய அன்றே இன்னும் வடக்கே உள்ள கிரீஸ் ஃபியோர்ட் என்ற ஊருக்கு அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா என்பவையும் அதோடு சேர்ந்த கேள்விகள்.

முதலில் நேரடியான விடை. இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 1,575 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 850 கடல் மைல். ஜெட் விமானம் ஒன்று எங்கும் நிற்காமல் பறந்தால் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் இன்று இத்தடத்தில் பயணிகளை ஏற்றிச் செல்வது ஏ.டி.ஆர். 42 வகைச் சுழல்விசிறி விமானம். அது இடையில், பாஃபின் தீவில் உள்ள ஆர்க்டிக் பே என்ற ஊரில் இறங்கிச் செல்லும். ஆகவே எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் வாசலுக்கு வாசல் நான்கு மணி பத்து நிமிடத்திலிருந்து நான்கரை மணி நேரம் வரை என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். இந்த விடைக்குப் பின்னால் உள்ள காரணங்களை அறிந்துகொண்டால், வடக்கில் வேறு எந்த இரு ஊர்களுக்கு இடையிலும் இதே கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

தூரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இக்காலுயிட் விமான நிலையம் வட அட்சரேகை 63.76 பாகையிலும் மேற்குத் தீர்க்கரேகை 68.56 பாகையிலும் உள்ளது. ரெசல்யூட் நிலையம் வட அட்சரேகை 74.72, மேற்குத் தீர்க்கரேகை 94.97. அட்சரேகை வித்தியாசம் 10.96 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் வடக்கு நோக்கி 1,219 கிலோமீட்டர் கிடைக்கிறது. தீர்க்கரேகை வித்தியாசம் 26.41 பாகை. இதையும் அதே 111.2 ஆல் பெருக்கிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் மேற்கு நோக்கி 2,937 கிலோமீட்டர் என்றும், இரண்டையும் பிதாகரஸ் விதிப்படி சேர்த்தால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 3,180 கிலோமீட்டர் என்றும், உண்மையைப் போல இரு மடங்கு விடை வந்து நிற்கும்.

தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிக் குவிந்துகொண்டே போகின்றன. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு பாகை அகலம், இக்காலுயிட்டில் 49 கிலோமீட்டராகவும் ரெசல்யூட்டில் 29 கிலோமீட்டராகவும் சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவான 69.24 பாகை அட்சரேகையில் அது 39.4 கிலோமீட்டர். இந்த அளவை வைத்துப் பெருக்கினால் மேற்கு நோக்கிய தூரம் 1,041 கிலோமீட்டர். 1,219 உடன் பிதாகரஸ் விதிப்படி சேர்த்தால் 1,603 கிலோமீட்டர். கையில் உள்ள கால்குலேட்டரில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய இந்தத் தோராயக் கணக்கு, பூமியை உருண்டையாகக் கொண்டு கணிக்கும் கோள முக்கோணவியல் தரும் 1,575 என்ற விடையிலிருந்து 28 கிலோமீட்டர் மட்டுமே விலகுகிறது. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் எடுத்தால் 1,575 உடன் இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் கூடும். வெவ்வேறு கருவிகள் வெவ்வேறு எண்களைக் காட்டுவதற்கு இதுவே காரணம்; பயணிக்கு அதனால் ஒரு நிமிடம்கூட வேறுபடாது.

கணினித் திரையில் நாம் அன்றாடம் பார்க்கும் வரைபடங்கள் இந்தக் குவிதலை மறைத்துவிடுகின்றன. மெர்க்கேட்டர் முறையில் வரையப்பட்ட படத்தில் இக்காலுயிட் அருகே எல்லாம் இரண்டேகால் மடங்கு பெருத்தும், ரெசல்யூட் அருகே ஏறத்தாழ 3.8 மடங்கு பெருத்தும் தெரிகின்றன. படத்தில் விரலை வைத்து அளந்து, தெற்கே உள்ள நகரங்களுக்கு இடையிலான இடைவெளியோடு ஒப்பிட்டு, இது கண்டம் தாண்டும் பயணம் என்று எண்ணிவிட வேண்டாம். அளக்க வேண்டுமென்றால் உருண்டையான பூகோளத்தின் மீது நூலைப் பிடித்து அளப்பதே நம்பத் தக்கது.

குறுகிய பாதையான பெருவட்டத்தில் பறக்கும்போது திசை மாறிக்கொண்டே இருக்கும் என்பதை இத்தடம் தெளிவாகக் காட்டுகிறது. இக்காலுயிட்டை விட்டுப் புறப்படும் விமானத்தின் முகம் உண்மை வடக்கிலிருந்து கணக்கிட்டால் 331 பாகையில் இருக்க வேண்டும். ரெசல்யூட்டை நெருங்கும்போது அது 306 பாகையாகிவிடும். நேர்கோட்டில்தான் பறக்கிறோம், ஆனால் இடப்பக்கம் 25 பாகை திரும்பியதாகக் கருவி காட்டும். ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் தூரம் 1,587 கிலோமீட்டர், அதாவது 12 கிலோமீட்டர்தான் கூடுதல் என்பதால் எரிபொருள் கணக்கில் இது பெரிய விஷயமாகாது. பெரிய விஷயம், அந்தத் திசையை எதைக் கொண்டு அறிவது என்பதே.

இந்தப் பகுதியில் காந்தத் திசைகாட்டி உதவாது. 1831 இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் காந்த வடதுருவத்தைக் கண்டறிந்த இடம் பூத்தியா தீபகற்பத்தில் இருந்தது. ரெசல்யூட் அதற்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அன்றிலிருந்து காந்த துருவம் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளின் ஊடே வடக்கும் வடமேற்குமாக நகர்ந்து, இப்போது சைபீரியாவின் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. துருவம் எங்கு நகர்ந்தாலும், அதற்கு அருகில் உள்ள பரப்பில் பூமியின் காந்த விசை ஏறக்குறைய செங்குத்தாகக் கீழ்நோக்கி இழுப்பதால், முள்ளைக் கிடைமட்டமாகத் திருப்பும் விசை மிகவும் பலவீனமாகிவிடுகிறது. அதனால்தான் கனடா தன் வான்பரப்பை இரண்டாகப் பிரித்து, வடக்குப் பகுதியில் எல்லாத் திசைகளையும் உண்மை வடக்கை வைத்தே குறிக்கிறது. ரெசல்யூட்டின் ஓடுபாதைக்கு 17, 35 என்ற எண்களோடு உண்மைத் திசை என்பதைக் காட்டும் ஆங்கில எழுத்து ஒன்றும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

காந்தத்தை விட்டுவிட்டு, வேகமாகச் சுழலும் சக்கரத்தால் ஒரே திசையைப் பிடித்து நிற்கும் கருவியான ஜைரோஸ்கோப்பை நம்பினால் வேறொரு சிக்கல் வருகிறது. பூமி சுழல்வதால், திருத்தம் செய்யப்படாத ஜைரோஸ்கோப் துருவத்தில் மணிக்கு 15 பாகை விலகிச் செல்வதாகத் தோன்றும். ரெசல்யூட்டின் அட்சரேகையில் அது மணிக்கு 14.5 பாகை. பழைய விமானங்களில் இந்த விலகலை விமானிகள் இடைவிடாமல் சரிபார்த்துத் திருத்திக்கொண்டே வர வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்த பிறகு பளு குறைந்துவிட்டாலும், இரண்டு கருவிகள் வெவ்வேறு செய்தி சொல்லும்போது எதை நம்புவது என்ற கேள்வி மறையவில்லை. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து ரெசல்யூட்டுக்கு வந்த ஃபர்ஸ்ட் ஏர் 6560 என்ற போயிங் 737-200 விமானம், மேகமூட்டத்தில் இறங்கும்போது பாதையை விட்டு விலகி, ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றில் மோதியது. அதில் இருந்த 15 பேரில் 12 பேர் உயிரிழந்தனர். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணை, திசைகாட்டி அமைப்பில் சேர்ந்திருந்த பிழையையும், தானியங்கி விமானி கவனிக்கப்படாமல் வேறு முறைக்கு மாறியதையும் காரணங்களுள் முக்கியமானவையாகக் குறிப்பிட்டது. இந்தத் தடங்களில் மேகம் சற்றே தாழ்ந்தாலும் விமானி திரும்பிவிடுகிறார் என்று யாரேனும் சலித்துக்கொள்ளும்போது, அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இத்தகைய வரலாறு இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நேரத்துக்கு வருவோம். இணையக் கருவிகள் பொதுவாக, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்து விடை தருகின்றன. 1,575 ஐ 800 ஆல் வகுத்தால் ஒரு மணி 58 நிமிடம். அரை மணி சேர்த்தால் இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. கூட்டல் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் எந்த விமானம், எந்த ஓடுபாதை என்று அந்தக் கருவி கேட்கவே இல்லை. வடக்கில் பயண நேரத்தைத் தீர்மானிப்பவை அந்த இரண்டுமே என்பது என் உறுதியான கருத்து.

இக்காலுயிட்டின் ஓடுபாதை சுமார் 2,600 மீட்டர் நீளம், தார் போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் ஃப்ரோபிஷர் பே என்ற பெயரில் இங்கே விமானத் தளம் அமைத்ததிலிருந்து வளர்ந்த ஊர் இது. அட்லாண்டிக்கைக் கடக்கும் பெரிய விமானங்கள் அவசரத்துக்கு இறங்கும் அளவுக்கு வசதி உண்டு. 2017 இல் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ரெசல்யூட்டின் ஓடுபாதையும் சுமார் 2,000 மீட்டர் நீளம் கொண்டதுதான். ஆனால் அது முழுவதும் சரளைக் கல். ஜெட் விமானத்தைச் சரளைக் கல்லில் இறக்க முடியுமா என்று கேட்டால், ஒரு காலத்தில் முடிந்தது. போயிங் நிறுவனம் பழைய 737-200 வகைக்கென்று தனி ஏற்பாடு ஒன்றை வடிவமைத்திருந்தது. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் அகன்ற தகடு போன்ற ஒரு தடுப்பு பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் தெறிக்கவிடும் கற்கள் விமானத்தின் வயிற்றையோ இன்ஜினையோ தாக்காமல் அது தடுக்கும். ஒவ்வொரு இன்ஜினின் வாயிலிலிருந்தும் முன்னோக்கி ஒரு குழாய் நீண்டிருக்கும். அதன் நுனித் துளைகள் வழியாக அழுத்தக் காற்று கீழும் பின்புறமும் பீய்ச்சப்படுவதால், தரையிலிருந்து கற்களை உறிஞ்சி எடுக்கும் காற்றுச் சுழல் உருவாகாது. அந்த விமானங்கள் வயதாகிப் பெரும்பாலும் சேவையிலிருந்து விலகிவிட்டன. அவற்றுக்குப் பின் வந்த 737 வகைகளில் இன்ஜின் பெரிதாகித் தரையை நெருங்கிவிட்டதால், இந்த ஏற்பாடு அவற்றுக்கு இல்லை. ஆகவே, இரண்டேகால் மணி நேரத்தில் பறக்கக்கூடிய விமானம் இக்காலுயிட்டில் நின்றாலும் அது ரெசல்யூட்டில் இறங்க இயலாது.

அந்த இடத்தை ஏ.டி.ஆர். 42 நிரப்புகிறது. உயரத்தில் பொருத்திய இறக்கை, தரையிலிருந்து விலகியிருக்கும் சுழல்விசிறிகள், சரளைப் பாதையைத் தாங்கும் சக்கரங்கள், முன்பகுதியில் சரக்கையும் பின்பகுதியில் பயணிகளையும் ஏற்றும்படி நகர்த்தக்கூடிய தடுப்புச் சுவர் ஆகியவை இந்த ஊர்களுக்கு ஏற்றவை. வேகம் மட்டும் குறைவு: மணிக்கு 480 முதல் 550 கிலோமீட்டர். அதோடு, முழுச் சுமையுடன் அது போகக்கூடிய தூரம் 1,300 கிலோமீட்டர் அளவில்தான். 1,575 கிலோமீட்டர் பறந்து, இறங்க முடியாமல் போனால் மாற்று நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால், பயணிகளையும் சரக்கையும் பெருமளவு குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே இடையில் ஒரு நிறுத்தம் தேவைப்படுகிறது.

நிறுத்தமாக ஆர்க்டிக் பே அமைந்திருப்பது இத்தடத்தின் நல்வாய்ப்பு. இக்காலுயிட்டிலிருந்து ஆர்க்டிக் பே 1,221 கிலோமீட்டர். அங்கிருந்து ரெசல்யூட் 361 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 1,582. நேர்ப்பாதையைவிட ஏழு கிலோமீட்டர் மட்டுமே அதிகம்! பெருவட்டக் கோடு பாஃபின் தீவை நீளவாக்கில் கடந்து, அதன் வடமேற்கு மூலையில் உள்ள இந்த ஊருக்கு மிக அருகில் சென்று, பிறகு லங்காஸ்டர் நீரிணையின் மேலைப் பகுதியைத் தாண்டிக் கார்ன்வாலிஸ் தீவை அடைகிறது. எனவே வளைந்து போவதால் நேரம் கூடுகிறது என்று சொல்வதற்கில்லை. கூடுதல் நேரம் முழுவதும் இறங்குவதிலும், தரையில் நிற்பதிலும், மறுபடி ஏறுவதிலும்தான் போகிறது.

மணிக்கு 500 கிலோமீட்டர் என்று சராசரியாக வைத்துக் கணக்கிட்டால், முதல் பகுதிக்கு இரண்டு மணி 27 நிமிடம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவாக இருப்பதற்குப் பதினைந்து நிமிடம் சேர்த்தால் இரண்டு மணி நாற்பதுக்குச் சற்று மேல். ஆர்க்டிக் பேயில் பயணிகளை இறக்கி, சரக்கை இறக்கி, புதியவர்களை ஏற்ற முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். இரண்டாம் பகுதிக்கு 43 நிமிடமும் அதே பதினைந்து நிமிடமுமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு மணி பத்து நிமிடத்திலிருந்து நான்கரை மணிக்குள் வருகிறது. சரக்கு அதிகமுள்ள நாளில் நிறுத்தம் நீளும். அந்த ஊருக்குப் பாலும் காய்கறியும் மருந்தும் அந்த விமானத்தில்தான் வந்தாக வேண்டும் என்பதால், அதைத் தாமதம் என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை.

பாஃபின் தீவின் வடக்கில் உள்ள மற்றோர் ஊரான பாண்ட் இன்லெட்டிலும் இறங்கிச் செல்லும்படி பயணம் அமைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். இக்காலுயிட் – பாண்ட் இன்லெட் 1,064 கிலோமீட்டர், அங்கிருந்து ஆர்க்டிக் பே 234, பிறகு 361, மொத்தம் 1,659. தூரம் 84 கிலோமீட்டர்தான் கூடுகிறது. நேரமோ ஒரு மணி நேரம் போல் நீண்டு ஐந்தேகால் மணியைத் தொடுகிறது. ஆகவே வடக்கில் பயண நேரத்தை மதிப்பிடும்போது கிலோமீட்டரை எண்ணுவதைவிட நிறுத்தங்களை எண்ணுவது பயன் தரும்: இத்தகைய விமானத்தில் ஒரு நிறுத்தத்துக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஓடுபாதை மாறினால் பயணம் எப்படி மாறும் என்பதற்கு ஆர்க்டிக் பேயே சான்று. அருகில் நனிசிவிக் என்ற இடத்தில் துத்தநாகச் சுரங்கம் இயங்கிய காலத்தில், சுரங்கத்துக்கென்று ஜெட் விமானம் இறங்கக்கூடிய நீண்ட ஓடுபாதை அங்கே இருந்தது. ஆர்க்டிக் பே மக்கள் அங்கே இறங்கி முப்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் பயணித்து ஊருக்கு வந்தார்கள். சுரங்கம் 2002 இல் மூடப்பட்டது. ஊரை ஒட்டியிருந்த, ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளச் சரளைப் பாதை மேம்படுத்தப்பட்ட பிறகு, 2011 இல் விமானங்கள் அங்கே மாறின. ஜெட் போனது, ஏ.டி.ஆர். வந்தது, வானில் இருக்கும் நேரம் கூடியது, பனிச் சாலையில் போகும் நேரம் குறைந்தது. மொத்தத்தில் ஊர்க்காரர்களுக்கு இது நன்மையே என்று நினைக்கிறேன்; ரெசல்யூட் வரை போகும் பயணிதான் கூடுதல் நேரத்தைச் சுமக்கிறார்.

காற்றின் பங்கும் சிறிதன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையளவில் 440 கிலோமீட்டர்தான் நகரும். 1,221 கிலோமீட்டருக்கு இரண்டு மணி 46 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் இரண்டு மணி 11 நிமிடம் போதும். ஒரே தடத்தில் முப்பத்தைந்து நிமிட வேறுபாடு. ஜெட் விமானத்தில் இதே காற்று இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்காது; விமானத்தின் வேகம் குறையக் குறையக் காற்றின் ஆதிக்கம் கூடுகிறது.

பயணச்சீட்டில் காணும் குழப்பத்துக்குக் காரணம் நேர மண்டலம். இக்காலுயிட் கிழக்கு நேரத்தையும் ரெசல்யூட் மத்திய நேரத்தையும் பின்பற்றுகின்றன. ரெசல்யூட் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். காலை 9 மணிக்குப் புறப்பட்டு நான்கு மணி இருபது நிமிடம் பயணித்தால், இக்காலுயிட் நேரப்படி பிற்பகல் 1.20, ஆனால் சீட்டில் 12.20 என்று அச்சாகியிருக்கும். கழித்துப் பார்ப்பவருக்கு மூன்று மணி இருபது நிமிடம் என்று தோன்றும். திரும்பும்போது அதே பயணம் ஐந்து மணி இருபது நிமிடமாகத் தெரியும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மையான நேரம் கிடைத்துவிடும். காற்றினால் வரும் வேறுபாடும் அதில் ஓரளவு சமன்பட்டுவிடும்.

இதுவரை சொன்னவை எல்லாம் விமானம் புறப்பட்டு, சேர வேண்டிய இடத்தில் இறங்கும் நாளுக்கு உரியவை. ரெசல்யூட்டில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. குளிர்காலத்தில் காற்று தரைப்பனியைக் கிளப்பிவிட்டால் ஓடுபாதையின் மறுமுனை தெரியாது. கோடையிலும் நிம்மதி இல்லை: கடல் பனி உடைந்து நீர் வெளிப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கடலிலிருந்து மூடுபனியும் தாழ்ந்த மேகமும் கரையேறி நாள் கணக்கில் தங்கிவிடும். வெயில் காலம்தானே என்று இணைப்பு விமானங்களை நெருக்கமாகப் பதிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விமானியின் பார்வையிலிருந்து இதை யோசித்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ரெசல்யூட்டில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது? ஆர்க்டிக் பே 361 கிலோமீட்டர். கேம்பிரிட்ஜ் பே தென்மேற்கில் 710 கிலோமீட்டருக்கு மேல். கிரீன்லாந்தின் பிட்டுஃபிக் தளம் கிழக்கே 745 கிலோமீட்டர், அதுவும் இராணுவத் தளம். தெற்கே பெருநகரங்களுக்கு நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இன்னொரு ஓடுபாதை கிடைப்பது போன்ற வசதி இங்கே இல்லை. அதனால்தான் ஆர்க்டிக் பேயில் இறங்கும் நிறுத்தம் பாதுகாப்புக்கும் உதவுகிறது: ரெசல்யூட்டின் வானிலை அறிக்கையைத் தரையில் நின்றே பார்த்து, போகலாமா, காத்திருக்கலாமா, திரும்பலாமா என்று முடிவெடுக்க முடிகிறது. முடிவு பாதகமாக இருந்தால் பயணி இக்காலுயிட்டுக்கே திரும்பி வருவார். இச்சேவை வாரத்தில் சில நாட்கள் மட்டுமே இயங்குவதால், ஒரு நாள் தவறினால் அடுத்த வாய்ப்பு இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னரே வரக்கூடும். அப்போது நான்கரை மணி நேரப் பயணம் நான்கு நாள் பயணமாகிவிடும்.

மாற்று வழி என்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூனவுட்டின் 25 ஊர்களில் எந்த ஒன்றையும் மற்றொன்றோடு இணைக்கும் நெடுஞ்சாலை கிடையாது; கோடையில் சில வாரங்கள் சரக்குக் கப்பல் வரும். 2021 கணக்கெடுப்பின்படி ரெசல்யூட்டில் வாழ்பவர்கள் 183 பேர். இக்காலுயிட்டில் 7,429 பேர். பிரசவம், அறுவை சிகிச்சை, பல் வைத்தியம் என்று எதுவானாலும் அந்த 183 பேர் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். 1953 இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களைக் கனடிய அரசு இங்கேயும் கிரீஸ் ஃபியோர்டிலும் கொண்டுவந்து குடியமர்த்தியது. அதற்காக 2010 இல் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. தாங்கள் தேர்ந்தெடுக்காத தொலைவில் வாழ நேர்ந்தவர்களின் சந்ததியினருக்கு இந்த விமான அட்டவணை எவ்வளவு முக்கியம் என்பதை, சுற்றுலாவுக்கோ ஆய்வுக்கோ போகும் நாம் இடம் பதிவு செய்யும்போது மனத்தில் வைத்திருப்பது நல்லது. வானிலை கெட்டு விமானம் நிரம்பி வழியும் நாளில் நோயாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டால் அது நியாயமே.

இனி கிரீஸ் ஃபியோர்ட் பற்றிய கேள்வி. கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் வடக்கே மிகத் தொலைவில் உள்ளது அதுதான். ரெசல்யூட்டிலிருந்து வான்வழித் தூரம் சுமார் 383 கிலோமீட்டர். அங்குள்ள சரளை ஓடுபாதை 600 மீட்டருக்கும் குறைவு. மூன்று பக்கமும் மலை, ஒரு பக்கம் கடல். ஏ.டி.ஆர். அங்கே இறங்க முடியாது. குறுகிய பாதையில் இறங்கி ஏறவல்ல ட்வின் ஓட்டர் என்ற சிறு விமானம் மட்டுமே போகும். அதன் வேகம் மணிக்கு 270 முதல் 300 கிலோமீட்டர் என்பதால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மலைகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருப்பதால், ரெசல்யூட்டில் வானம் தெளிந்திருந்தாலும் கிரீஸ் ஃபியோர்டில் காற்றோ மேகமோ தடுத்துவிடலாம். கணக்குப்படி பார்த்தால், இக்காலுயிட்டில் காலை 9 மணிக்குக் கிளம்பியவர் ரெசல்யூட்டில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மத்திய நேரப்படி பிற்பகல் இரண்டு மணி போல் புறப்பட்டு, மூன்றரைக்குக் கிரீஸ் ஃபியோர்டில் இறங்கிவிடலாம். அட்டவணை அனுமதிக்கும் நாளில் அது நடக்கவும் செய்யும். ஆயினும் மூன்று ஓடுபாதைகளிலும் ஒரே நாளில் வானிலை ஒத்துழைக்க வேண்டும் என்பதால், அதை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ரெசல்யூட்டில் குறைந்தது ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆய்வுக் குழுக்களும், அரசின் துருவக் கண்டத்திட்டு ஆய்வுத் திட்டத்தின் பணியாளர்களும் ரெசல்யூட்டைத் தளமாகக் கொண்டு இயங்குவதால், விடுதி அறைகளை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊரில் அறைகள் அதிகம் இல்லை.

திரும்பும் பயணத்துக்கு இன்னும் தாராளமாக நாள் விட வேண்டும். இக்காலுயிட்டிலிருந்து தெற்கே ஒட்டாவாவுக்குச் செல்லும் ஜெட் சேவை, 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். அது அடிக்கடி கிடைக்கும், பெரும்பாலும் குறித்தபடி போகும். சங்கிலியின் பலவீனமான கண்ணிகள் ரெசல்யூட்டும் கிரீஸ் ஃபியோர்டும்தான். ஆகவே ஒட்டாவாவிலிருந்து மேற்கொண்டு செல்லும் நாடு கடந்த விமானத்தை, ரெசல்யூட்டிலிருந்து புறப்படும் நாளுக்குக் குறைந்தது மூன்று நாட்கள் கழித்துப் பதிவு செய்யுங்கள். எல்லாப் பகுதிகளையும் முடிந்தவரை ஒரே சீட்டின் கீழ் வாங்குங்கள், தனித்தனியாக வாங்கினால் ஒன்று தவறும்போது மற்றதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, போகும் ஊரின் வானிலையோடு நிறுத்தத்தில் வரும் ஆர்க்டிக் பேயின் வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். மருந்துகளையும் கனமான உடைகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எடை மிகுந்துவிட்டால் பெட்டிகள் அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படுவது இத்தடங்களில் வழக்கம்.